சந்தோஷத்தைக் காட்டக் கூடாது

முதலில் ஊஞ்சலைக் கழற்றச் சொன்னான் என் தம்பி. அவன் ஆடிட்டர். எங்களை வரி அலுவலகத்திடமிருந்து காப்பாற்றுவதற்காக அன்று காலையிலேயே பளபளக்கும் ஷூவோடு ஆட்டுப் புழுக்கைக்கு நடுவில் வந்து நின்றான்.

"ஊஞ்சல் உன்னை என்னடா பண்ணுச்சு?" என்றேன்.

"அக்கா, வரி ஆபீஸ்ல இருந்து நாளைக்கு வர்ற அந்த அம்மா இதைப் பாத்தா என்ன நினைப்பாங்க? நீங்க ஜாலியா ஆடிட்டுப் போறதுக்குத்தான் இங்க வர்றீங்கன்னு நினைப்பாங்க. அப்புறம் நான் எந்த ஃபைலைத் தூக்கிட்டுப் போனாலும் வேலைக்காகாது."

என் வீட்டுக்காரர் ஏணியை எடுத்துவந்து மரத்தில் சாய்த்தார், ஏறினார், முடிச்சை அவிழ்த்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக். எந்த உயரத்தில் எதைக் கழற்றச் சொன்னாலும் ஏன் என்று கேட்காமல் கழற்றுவது அவருக்குக் கைவந்த கலை. பேச்சு மட்டும் வராது. நான் அதற்கு நேர் எதிர். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை எனக்கு. 'மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க' என்று நாள் முழுவதும் ஆளை அதட்டி அதட்டியே வீட்டிலும் அதே குரல் வந்துவிட்டது.

எங்களுடையது பெரிய பண்ணை ஒன்றும் இல்லை. ஊர் முடிகிற இடத்தில் அரை ஏக்கர். சேமிப்பை எல்லாம் வழித்துப்போட்டு என் பெயரில் வாங்கினோம். சில ஆடுகள், ஒரு கூட்டம் கோழிகள், கத்தரி, கீரைப் பாத்திகள். நிலத்தை வாங்கும்போது ஊரே சிரித்தது. நான் யாரையும் சட்டை செய்யவில்லை. ஆஸ்பத்திரியில் ஜன்னல் இல்லாத அறையில், ஈயக் கவசத்தை மாட்டிக்கொண்டு நிற்கிறவளுக்குத்தான் தெரியும், ஈர மண்ணில் செருப்பில்லாமல் நிற்பது எப்படிப்பட்ட சுகம் என்று.

ஆரம்பித்த வருடமே தம்பி ஒரு வழி சொன்னான். பண்ணை ஒரு தொழில் என்று காட்டினால், அன்றைய சட்டப்படி அதில் வரும் நஷ்டத்தை என் சம்பளத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். ஏற்கெனவே பிடித்த வரியில் ஒரு பங்கு திரும்பி வரும். வந்தது. மூன்று வருடமும் வந்தது. வேலியும் பம்பும் அந்தப் பணத்தில் வந்தவைதான். நாலாவது வருடம் கடிதம் வந்தது. நீங்கள் நடத்துவது தொழிலா, பொழுதுபோக்கா என்று அலுவலகத்துக்குச் சந்தேகம். சனிக்கிழமை நேரில் வந்து பார்ப்போம் என்று எழுதியிருந்தார்கள். பொழுதுபோக்கு என்று அவர்கள் முடிவு செய்துவிட்டால், திருப்பி வாங்கியது அத்தனையையும் அபராதத்தோடு கட்ட வேண்டும். அவ்வளவு பணத்துக்கு எங்களிடம் இருப்பது அந்த நிலம் ஒன்றுதான்.

"தொழில்னா லாபம் பாக்கணும்ங்கிற நெனப்பு இருக்கணும்," என்றான் தம்பி. "அதான்க்கா சட்டம்."

"நெனப்பை எப்படிடா பாப்பாங்க? அதை என் மெஷின்ல கூடப் பாக்க முடியாது."

"சுத்தி இருக்கிறதை வெச்சுப் பாப்பாங்க. பண்ணைக்குன்னு தனி பேங்க் கணக்கு இருக்கா, எதையாவது விலைக்கு வித்தீங்களா, தெரிஞ்சவங்ககிட்ட யோசனை கேட்டீங்களா, எவ்வளவு நேரம் உழைக்கறீங்க... ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா எல்லாத்தையும் ஒழுங்கா செஞ்சிருக்கலாம். நீ கொட்டகை போட்டதுக்கு அப்புறம்தான் எனக்கு ஃபோனே பண்ணின. சரி, விடு. கடைசியா ஒண்ணு இருக்கு. இதுல உங்களுக்குச் சொந்த சந்தோஷம் எதாவது இருக்கான்னு பாப்பாங்க."

"இருந்தா?"

"இருந்தா போச்சு. நஷ்டத்தைக் காட்டலாம்க்கா, தாராளமாக் காட்டலாம். சந்தோஷத்தைக் காட்டக் கூடாது."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஏன், நீ உன் ஆபீஸ்ல சிரிக்கறதே இல்லையா?"

"நான் லாபத்தோட சிரிக்கறேன். நீங்க நஷ்டத்துல சிரிக்கறீங்க. அதுதான் சந்தேகமா இருக்கு."

அன்று முழுவதும் எங்கள் சந்தோஷத்தைத் தேடித் தேடி ஒளித்தோம். இரண்டு பிரம்பு நாற்காலிகளைக் கோணிக்குக் கீழே தள்ளினோம். வாசலில் 'ஆனந்தம்' என்று நான் ஆசைஆசையாக எழுதி மாட்டிய பலகையை என் வீட்டுக்காரர் ஸ்க்ரூ டிரைவரால் கழற்றி, எழுத்து உள்பக்கம் இருக்கும்படி சுவரில் சாய்த்தார். கொட்டகையில் ஒவ்வொரு ஆட்டின் இடத்துக்கும் மேலே அதன் பெயரை எழுதியிருந்தேன். சீமாட்டி, லொடலொடா, வக்கீல், குட்டி வக்கீல். அவற்றின் மேல் சுண்ணாம்பு அடித்து நம்பர் போட்டான் தம்பி. "பேரு வெச்சா செல்லப் பிராணி, நம்பர் வெச்சா கால்நடை" என்று பாடம் வேறு நடத்தினான். நான் ஆடுகளை நம்பர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தேன். ஒன்றுகூடத் திரும்பவில்லை.

பிறகு தம்பி அதிகாரியாக உட்கார்ந்து எங்களைக் கேள்வி கேட்டான். நான் ஒப்பித்துவிட்டேன். பயமெல்லாம் என் வீட்டுக்காரரைப் பற்றித்தான். அவருக்குப் பொய் சொல்ல வராது. கல்யாணமான புதிதில் என் சமையல் நன்றாக இருக்கிறது என்று ஒரு நாள் சொன்னார். இரண்டு காதும் செக்கச்செவேல் என்று ஆகிவிட்டன. அதிலிருந்து அவர் என்ன சொன்னாலும் நான் காதைத்தான் பார்ப்பேன்.

"மாமா, இங்க வர்றது உங்களுக்குப் பிடிக்கலைன்னு சொல்லணும்," என்றான் தம்பி.

"சொல்லலாமா?" என்று அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"தாராளமாச் சொல்லுங்க. நீங்க சொல்றதுலதான் எல்லாம் இருக்கு" என்றேன். மனதுக்குள் நிலம் போய்விட்டது என்றே தோன்றியது. இந்த மனுஷருக்கு இந்த இடம் என்றால் உயிர். தினமும் விடிவதற்குள் பைக்கை எடுத்துக்கொண்டு இங்கே வந்து, தண்ணீர் வைத்து, கொட்டகையைக் கூட்டிவிட்டுத்தான் வேலைக்குப் போவார். சனி, ஞாயிறு முழு நாளும் இங்கேதான். ஒரு நாள்கூட மாட்டேன் என்று சொன்னதில்லை. இதையெல்லாம் செய்துவிட்டுப் பிடிக்கவில்லை என்று எந்த வாயால் சொல்வார்?

மறுநாள் அதிகாரி வந்தார். காரில் வருவார் என்று வேலி ஓரம் இடம் ஒதுக்கி வைத்திருந்தோம். அவர் பஸ்ஸில் வந்து இறங்கி, தோள் பையிலிருந்து ரப்பர் பூட்ஸை எடுத்து மாட்டிக்கொண்டார். தம்பியின் முகம் சுருங்கியது. பூட்ஸ் கொண்டுவருகிற அதிகாரியை ஏமாற்ற முடியாது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. எனக்கும்தான்.

அவர் அவசரப்படவில்லை. பாத்திகளைச் சுற்றி வந்தார், பம்பைத் தொட்டுப் பார்த்தார், தீவனப் பையில் இருந்த தேதியைப் படித்தார். சுண்ணாம்பின் மேல் விரலை வைத்து, அது இன்னும் ஈரமாக இருப்பதைப் பார்த்தார். விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்.

"ஆட்டுப் பாலை விக்கறீங்களா?"

"விக்கறோம் மேடம். ஆஸ்பத்திரில கூட வேலை பாக்கறவங்களுக்கு."

"காசு வாங்கிட்டா?"

"குடுக்கறவங்க குடுப்பாங்க" என்றேன். தம்பி என் காலை மிதித்தான்.

"பாக்கி எல்லாம் கணக்குல இருக்கு மேடம்" என்று இடையில் புகுந்தான்.

அந்த நேரம் பார்த்து, திறந்து கிடந்த கதவு வழியாகச் சீமாட்டி வெளியே வந்தது. நேராக அதிகாரியின் அக்குளில் இருந்த ஃபைலின் முனையைக் கடித்து இழுத்தது.

"சீமாட்டி! விடுடி!" என்று கத்திவிட்டேன். அது உடனே ஃபைலை விட்டுவிட்டு என்னிடம் ஓடிவந்து முழங்காலில் தலையைத் தேய்த்தது.

"சீமாட்டியா?" என்றார் அதிகாரி.

"அது ஒரு ரகம் மேடம்" என்றான் தம்பி.

அதிகாரி சிரிக்கவில்லை. ஆட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மரத்தடிக்குப் போனார். அண்ணாந்தார். கிளையில் இரண்டு இடத்தில் பட்டை தேய்ந்து வழவழவென்று இருந்தது. கீழே, புல் முளைக்காத ஒரு நீளத் தரை. ஊஞ்சலைக் கழற்றினோமே தவிர, அதன் தடத்தைக் கழற்ற யாருக்கும் தோன்றவில்லை.

"இங்க என்ன இருந்துச்சு?"

"தழை கட்டித் தொங்க விடுவோம் மேடம். ஆடு திங்கறதுக்கு" என்றேன். என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

அவர் ஒரு தீவன மூட்டையின் மேல் உட்கார்ந்து எழுதத் தொடங்கினார். பேனா போகிற வேகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்தது. கையும் களவுமாக மாட்டிக்கொண்டோம். கத்தரிப் பாத்தியைப் பார்த்தேன். முதல் தடவையாக அந்த வருடம்தான் பூச்சி விழாமல் காய்த்திருந்தது. இதை எவனோ வாங்கி, மண்ணை மூடி வீடு கட்டுவான். எனக்கு அந்த இடம் வேண்டும். அவ்வளவு வேண்டும் என்று அந்த நிமிஷம் வரை எனக்கே தெரியாது.

எழுதி முடித்த அதிகாரி என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். அவர் கைகளைக் கட்டிக்கொண்டு, கொட்டகைத் தூணோடு தூணாக நின்றிருந்தார்.

"நீங்க இதுவரைக்கும் ஒண்ணுமே பேசலை. உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இங்க வந்தா உங்களுக்கு எப்படி இருக்கும்?"

தம்பி கண்ணை மூடிக்கொண்டான். நான் காதைப் பார்த்தேன்.

"வரவே பிடிக்காது மேடம்" என்றார்.

காது சிவக்கவில்லை.

"ஏன்?"

"வாரம் முழுக்க லிஃப்ட் குழிக்குள்ள இறங்கி நிக்கறேன். அந்த கிரீஸ் நாத்தம் போறதுக்குள்ள இந்த நாத்தம். ரெண்டும் சேர்ந்து சாப்பிடும்போது கையில வருது. இவகிட்ட சொன்னதில்ல." அவர் நிதானமாகத்தான் பேசினார். யாரோ ஒருவருடைய கோளாறான லிஃப்டைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னார். "எனக்கு ஆடுன்னா பயம் மேடம். சின்ன வயசுல ஒண்ணு முட்டித் தள்ளிடுச்சு. இப்பவும் கொட்டகைக்குள்ள போறதுக்கு முன்னாடி வெளிய கொஞ்ச நேரம் நின்னுட்டுத்தான் போவேன். போன மழையில ஒரு குட்டி செத்துப்போச்சு. இவ அழுதா. குழி வெட்டி, தூக்கிப் போட்டு, மூடினது நான். எனக்கு அன்னைக்கு வாந்தி வந்துடுச்சு. இவ பாக்காம அந்தப் பக்கம் போய் எடுத்துட்டு வந்தேன்."

இதில் ஒரு வார்த்தைகூட தம்பி சொல்லிக்கொடுத்தது இல்லை.

"சனிக்கிழமை ஆனா கேரம் விளையாட எனக்கு ஒரு ஃப்ரெண்ட்ஸ் செட்டு இருந்துச்சு. கொஞ்ச நாள் கூப்பிட்டுப் பாத்தாங்க. இப்ப கூப்பிடறதில்ல."

"அப்போ ஏன் வர்றீங்க?" என்றார் அதிகாரி.

அந்தக் கேள்வியை எதிர்பார்க்காதவர்போல் என் வீட்டுக்காரர் கட்டியிருந்த கைகளைப் பிரித்தார். "வரணும்ல மேடம். வேலை."

அதிகாரி ஏற்கெனவே எழுதியிருந்ததை நீளமாக ஒரு கோடு போட்டு அடித்தார். தம்பியின் முகத்தில் வெளிச்சம் வந்தது. எனக்கு வரவில்லை. கை முறிந்து வருகிறவர்களில் அலறுகிறவனைப் பார்த்து நான் பயப்படமாட்டேன். 'ஒண்ணுமில்ல, லேசான வலிதான்' என்று அமைதியாக நிற்பவனின் படத்தில்தான் எலும்பு இரண்டாகக் கிடக்கும். தினமும் பார்க்கிறேன். ஊரார் எலும்பையெல்லாம் பார்க்கிற எனக்கு, பக்கத்தில் படுக்கிற மனுஷரைப் பார்க்கத் தெரியவில்லை.

"இவர் சொல்றதைப் பாத்தா இதைப் பொழுதுபோக்குன்னு சொல்ல முடியாது" என்றார் அதிகாரி. "தொழில்னு ஏத்துக்கலாம். ஆனா இப்படியே விட முடியாது. ரெண்டு வருஷத்துக்குள்ள லாபம் வரணும். ஆடுங்களைக் கூட்டணும், உழைக்கற நேரத்தைக் கூட்டணும். காலையில மட்டும் வந்துட்டுப் போனா தொழில் ஆகாது."

"கூட்டிடலாம் மேடம்!" என்று துள்ளினான் தம்பி. "மாமா சாயங்காலமும் வந்துடுவாரு. என்ன மாமா?"

"வந்துடறேன்" என்று அவர் தலையாட்டினார்.

அந்தத் தலையாட்டலை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். நிலம் வாங்கலாமா என்று கேட்டபோதும் அப்படித்தான் ஆட்டினார். அதற்குச் சம்மதம் என்று நானாகப் பெயர் வைத்துக்கொண்டேன்.

அதிகாரி வாக்குமூலத்தை எழுதி வாசித்தார். 'இப்பண்ணையில் எங்கள் இருவருக்கும் சொந்த மகிழ்ச்சி எதுவும் இல்லை' என்பது அதன் கடைசி வரி. என் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை என்னிடம் நீட்டினார். நிலமும் வரிக் கணக்கும் என் பெயரில் இருப்பதால் என் கையெழுத்துதான் முக்கியம் என்றார் அதிகாரி.

பேனாவை வாங்கினேன். போட்டுவிட்டால் எல்லாம் என்னுடையது. என் வீட்டுக்காரர் உண்மையைச் சொல்லி எனக்காக ஜெயித்துக் கொடுத்திருந்தார். நான் ஒரே ஒரு பொய் சொன்னால் போதும். போட்டுவிடு, போட்டுவிடு என்றுதான் மனது அடித்துக்கொண்டது. பக்கத்தில் அவர் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார்.

"கடைசி வரி தப்பு மேடம்" என்றேன்.

"அக்கா!"

"நீ சும்மா இருடா." அதிகாரியைப் பார்த்துச் சொன்னேன்: "எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். இங்க இருந்தது ஊஞ்சல்தான். ஆடு எல்லாத்துக்கும் பேரு இருக்கு. எனக்கு இது பொழுதுபோக்கு மேடம். இவருக்குத்தான் வேலை. கூலி இல்லாத வேலை. நஷ்டம் யாருக்குன்னு மூணு வருஷமா நான் தப்பாக் காட்டிட்டேன்."

"யோசிச்சுச் சொல்லுங்க. எழுதிட்டா நான் மாத்த மாட்டேன்."

"யோசிக்காததுனால வந்ததுதான் மேடம் இவ்வளவும். பொழுதுபோக்குன்னே எழுதுங்க."

அதிகாரி என்னைப் பாராட்டவும் இல்லை, பரிதாபப்படவும் இல்லை. கடைசி வரியை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன். நோட்டீஸ் வரும், கட்ட அவகாசம் கொடுப்பார்கள் என்று சொல்லிவிட்டு, பூட்ஸைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

தம்பி குதித்தான். "உனக்குப் பைத்தியமாக்கா? கையில வந்ததைத் தட்டி விட்டுட்டியே! மாமா உயிரைக் குடுத்து நடிச்சாரு!" நடிப்பு இல்லை என்று அவனுக்கு இன்னும் புரியவில்லை. புரியவைக்க எனக்குத் தெம்பு இல்லை. ஃபைலை எடுத்துக்கொண்டு, புழுக்கை ஒட்டிய ஷூவை வழி முழுவதும் தேய்த்துத் தேய்த்து நடந்து போனான்.

என் வீட்டுக்காரர் தீவன மூட்டையில் உட்கார்ந்தார். எனக்கு அவர்மேல் கோபமும் வந்தது. மூன்று வருடமாக வாயில் என்ன வைத்திருந்தீர்கள் என்று உலுக்க வேண்டும் போல் இருந்தது. ஆனால் நான் எப்போது கேட்டேன்?

"எதுக்கு அப்படிச் சொன்ன?" என்றார். "நான்தான் சரியாச் சொல்லிட்டேனே."

"அதனாலதான்."

"நிலம் போயிடும்."

"போகட்டும்" என்றேன். கத்தரிப் பாத்தியின் பக்கம் திரும்பாமல் சொன்னேன்.

அவர் கால்சட்டையில் ஒட்டியிருந்த தழையைத் தட்டிவிட்டார். பிறகு, லீவு கேட்க வந்த ஆள்போலத் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அப்போ நாளைக்கு ஞாயித்துக்கிழமை... நான் தூங்கலாமா?"

"தூங்குங்க. நான் வந்து தண்ணி வெச்சுக்கறேன்."

"எத்தனை மணி வரைக்கும்?" என்றார்.

அழுதுவிட்டேன்.